பெரியம்மா இருக்க வேண்டிய இடத்தில்

வேண்டாம். நாலே எழுத்து. வேறு யாரிடமும் சொல்லிவிடலாம். இந்த மனுஷரிடம் எந்த வாயால் சொல்வது?

அடுப்பை அணைத்துவிட்டு அவள் போனை மறுபடியும் எடுத்துப் பார்த்தாள். குடும்பக் குழுவில் பெரியத்தான், அவள் கணவரின் அண்ணன், ஒரு ஃபைல் அனுப்பியிருந்தார். ‘பேசுற ஆப் கிடைச்சிடுச்சு. தம்பி போன்ல உடனே போட்டுக் கொடும்மா. தெரிஞ்சவர் ஒருத்தர் அனுப்பினது’ என்று கீழே எழுதியிருந்தது. அதற்குள் எட்டுப் பேர் கைகூப்பி நன்றி சொல்லியிருந்தார்கள். ஒன்பதாவது கை அவளுடையதாக இருக்க வேண்டும். விரல் போனது, திரும்பி வந்தது.

நன்றி இல்லாமல் இல்லை. ஒன்றரை வருஷத்துக்கு முன் கணவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகிக் குரல்வளையை எடுத்தபோது, பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நியூஸ்பேப்பரை விரித்துப் படுத்துக் கிடந்தவர் பெரியத்தான். முந்தாநாள் புதன்கிழமை தம்பியின் போன் தண்ணீர் வாளிக்குள் விழுந்து செத்ததும் மறுநாளே புதுப் போனோடு வாசலில் வந்து நின்றவரும் அவர்தான். நல்ல போன். ஒரே குறை, எல்லாப் போனிலும் இருக்கும் அந்த ஆப் கடை அதில் இல்லை. பதிலுக்கு வேறு ஒரு கடை இருந்தது. அந்தக் கடையில் ஆயிரம் விளையாட்டு இருந்தது, அவருடைய ஆப் இல்லை.

அந்த ஆப் அவருக்கு விளையாட்டு இல்லை. அவருடைய வாயே அதுதான்.

இருபத்தாறு வருஷம் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவர். பாதி ஊருக்கு அவர் ‘பிரேக் மாஸ்டர்’. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவர் கத்திய கத்தலில்தான் அந்தப் பாதி ஊர் உயிரோடு இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொள்வார். ஆபரேஷனுக்கு முன்னால், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா ஒரு அட்டையைக் கொடுத்து, இந்த ஆப்பில் உங்கள் குரலைச் சேமித்து வையுங்கள் என்றார். பத்து நாளில் முந்நூற்றுப் பன்னிரண்டு வாக்கியம் பேசி வைத்தார். முக்கால்வாசி திட்டு. பட்டனைத் தொட்டால் அவர் குரலிலேயே வரும். பதிந்து வைக்காததை எழுத்தில் தட்டினால் ஆப் தன் குரலில் படித்துக் காட்டும், வானிலை அறிக்கை மாதிரி.

அந்தப் பதிவெல்லாம் பழைய போனின் மெமரி கார்டில் பத்திரமாக இருந்தது. திறப்பதற்கு ஆப் இல்லை. வரும் திங்கட்கிழமையிலிருந்து சாலை விதி வகுப்பை அவரே எடுக்கட்டும் என்று டிரைவிங் ஸ்கூல் முதலாளி சொல்லியிருந்தார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு முதல் வகுப்பு. இன்று வெள்ளி.

அவர் எதிரே உட்கார்ந்து நோட்டில் எழுதினார். ‘அண்ணன் அனுப்பிட்டாரே. போடு.’

“போடலாம்தான். எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியலையே.”

‘அண்ணன்கிட்ட இருந்து.’

“அண்ணனுக்கு எங்க இருந்து?”

அவர் பேனாவை மூடி வைத்தார். கோபம் வந்தால் முன்பு பேசுவார், இப்போது பேனாவை மூடுகிறார். அந்த ‘டக்’ சத்தம் அவளுக்குப் பழைய கத்தலைவிட உறைத்தது. சந்தேகப்படுகிறோமா, அதுவும் யாரை, என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஆனால் அவள் ரத்த வங்கியில் இருபது வருஷமாக வேலை செய்கிறவள். அங்கே சந்தேகம் என்பது மரியாதைக்குறைவு இல்லை, மூச்சு விடுவது மாதிரி.

“கிளம்புங்க,” என்றாள். “ஊசிகிட்டப் போலாம்.”

ஊசி என்பது போன் ரிப்பேர் செய்கிற பெண்ணின் பட்டப்பெயர். சிம் கார்டைக் குத்தி எடுக்கும் ஊசியைக் கழுத்துச் சங்கிலியில் தாலி மாதிரி தொங்கவிட்டிருப்பாள். ஜெராக்ஸ் கடைக்கும் சாவி செய்கிறவருக்கும் நடுவில், ஒன்றரைக் கதவு அகலத்தில் அவள் கடை. முட்டை அட்டையில் குழிக்கு ஒரு வகையாகத் திருகாணிகள். கண்ணாடிப் பெட்டிக்குள் உயிர் போன போன்கள், முதுகில் பிளாஸ்திரி ஒட்டி, சொந்தக்காரர் யாரென்று எழுதப்பட்டு.

விஷயத்தைக் கேட்டுவிட்டு ஊசி சொன்னாள், “நான் போட்டுத் தர மாட்டேன்க்கா.”

அவளுக்கு முகம் விழுந்துவிட்டது.

“மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க. இன்னிக்கு நான் போட்டுத் தருவேன். ஆறு மாசத்துல புதுசு ஒண்ணு வரும். அன்னிக்கு நான் கடை மூடியிருந்தா ரோட்டுல போறவனைக் கேப்பீங்க. உங்க கையாலயே போடுங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன், எங்கேயும் ஓடிற மாட்டேன்.”

“எங்க பெரியத்தான் அனுப்பினது ஒண்ணு இருக்கு. அதையே போட்டுடலாமா?”

“செஞ்சது யாரு?”

“பெரியத்தான்.”

“அவரு அனுப்பினாரு. செஞ்சது யாருக்கா?”

கணவர், கழுத்தில் மூச்சுவிடும் துளையை மறைத்த துணிக்குப் பின்னாலிருந்து புஸ்ஸென்று காற்று விட்டார். அவர் சிரிப்பது இப்போது அப்படித்தான்.

“செஞ்சவங்க வீட்டு விலாசம் இருக்கா? தேடிப் பாத்தா வர்றது வேணாம். அதே பேர்ல பத்து வாசல் காட்டும், ஒன்பது பொய்.”

விலாசம் இருந்தது. பயிற்சி அம்மா கொடுத்த அட்டையை அவள் ஆஸ்பத்திரி அடையாள அட்டையின் பைக்குள்ளேயே ஒன்றரை வருஷமாக வைத்திருந்தாள். ஏன் வைத்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கெட்ட காலத்தில் கைக்கு வந்த காகிதம் எதையும் தூக்கிப்போட அவளுக்கு மனசு வருவதில்லை. அட்டையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் கம்ப்யூட்டரில் தட்டினாள். பக்கம் திறந்தது. அலங்காரமே இல்லாத பக்கம். இரண்டே பேர் சேர்ந்து செய்தது, அவர்களில் ஒருவருடைய அப்பாவுக்காக. பேச முடியாத எல்லாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தது. ஆப்பை இறக்கிக்கொள்ள ஒரு பட்டன். அதன் கீழே, இடைவெளியே இல்லாமல், எண்ணும் எழுத்தும் கலந்து அறுபத்து நாலு எழுத்து.

“இதுதான் அந்த ஃபைலோட கைரேகை,” என்றாள் ஊசி. “உள்ள ஒரு புள்ளியை மாத்தினாலும் இது வேற ஆயிடும். உங்ககிட்ட வந்த ஃபைலுக்குக் கைரேகை என்னன்னு என் கம்ப்யூட்டர் சொல்லும். ரெண்டும் ஒண்ணா இருந்தா அசல். முதல்ல உங்க அத்தானோடதைப் பாத்துடலாமா?”

அசல் பக்கத்தில் இருந்த கைரேகையை ஊசி காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தாள். அறுபத்து நாலு எழுத்தைக் கண்ணால் ஒப்பிட்டால் ஏழாவது எழுத்தில் கண் வழுக்கும். அவளுக்கு அது தெரியும். ரத்தப் பையின் எண்ணை ஒருத்தியே பையையும் சீட்டையும் பார்த்துச் சரி என்று சொல்ல அங்கே அனுமதி இல்லை. ஒருத்தி படிக்க வேண்டும், இன்னொருத்தி பார்க்க வேண்டும். என்ன வர வேண்டும் என்று தெரிந்தவள் படித்தால், இருப்பதைப் படிக்க மாட்டாள், இருக்க வேண்டியதைப் படிப்பாள்.

“நான் கம்ப்யூட்டரைப் பாத்துப் படிக்கிறேன். நீங்க காகிதத்தைப் பாருங்க. சரின்னா ஒரு தட்டு, தப்புன்னா ரெண்டு,” என்றாள் கணவரிடம். “ஏ, பி, சின்னு சொல்ல மாட்டேன். பியும் டியும் காதுல ஒண்ணாதான் விழும். எங்க ஆளுங்க போன்ல சொல்ற மாதிரி சொல்றேன். ஏக்கு அத்தை, பிக்குப் பெரியம்மா, சிக்குச் சித்தி, டிக்கு டாக்டர், ஈக்கு எதிர்வீடு, எஃப்புக்கு ஃபேன்.”

அவர் கடைப்பலகை மேல் விரலை மடக்கி வைத்துக்கொண்டார். பழைய வகுப்புகளில் டேஷ்போர்டின் மேல் வைத்திருப்பாரே, அதே விரல்.

“ஏழு.”

டக்.

“சித்தி.”

டக் டக்.

“என்னது? கண்ணாடியைப் போட்டுட்டுப் பாருங்க. சித்தி.”

டக் டக். காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். ஏழுக்குப் பக்கத்தில் பி.

“பெரியம்மாவா இருக்கு?”

டக்.

“பெரியம்மா இருக்க வேண்டிய இடத்துல சித்தி எப்படி வந்தா?”

ஜெராக்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். “கல்யாணப் பத்திரிகையில பேர் போடுறதுல தகராறாம்மா? ரெண்டு பேரையும் போட்டுடுங்க. எங்க வீட்ல விட்டுப்போச்சு, பத்து வருஷமா சித்தி வர்றதில்ல.”

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அடுத்த ஐந்து எழுத்தையும் படித்துப் பார்த்தாள். டக் டக், டக் டக், டக் டக். ஒவ்வொரு இரட்டைத் தட்டும் பெரியத்தானின் முதுகில் விழுகிற மாதிரி இருந்தது. கணவரைக் கண்ணாடி போடச் சொன்னதை நினைத்தாள். கண் கோளாறு அவருக்கில்லை, தனக்குத்தான். ஒத்துப்போக வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருந்தாள். ஒத்துப்போயிருந்தால் அந்த ஒன்பதாவது கையைக் கூப்பியிருக்கலாம், வராந்தாவில் கிடந்த பதினோரு நாளுக்கும் சேர்த்து.

“கெட்டதுதானா இது?” என்று கேட்டாள்.

“பழைய ஒண்ணா இருந்தாலும் கைரேகை மாறும்,” என்றாள் ஊசி நியாயமாக. “ஆனா உள்ள என்னென்ன கேக்குதுன்னு பாத்தேன். வர்ற மெசேஜை எல்லாம் படிக்கணுமாம், உங்க நம்பர் லிஸ்ட் வேணுமாம். பேசுற ஆப்புக்கு அடுத்தவன் கடுதாசி எதுக்குக்கா? அசல் கேக்குறது மைக்கும், பதிஞ்சு வச்ச குரலும் மட்டும்தான். நீங்க மட்டும் இதைப் போட்டிருந்தீங்கன்னா, பேங்க்ல இருந்து வர்ற ரகசிய நம்பரையும் சேத்து எவனோ படிச்சிருப்பான். அத்தான் வெள்ளை மனசுக்காரரு, அது வேற. இதுல யாரு கை வச்சாங்களோ, அவன்தான் திருடன்.”

அவளுக்கு ஊசியைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, போனைக் காப்பாற்றியதற்காக மட்டுமல்ல. அத்தானையும் ஃபைலையும் ஊசி இரண்டாகப் பிரித்து வைத்தாள். அது தன்னால் முடியாமல்தான் இவள் காலையிலிருந்து அடுப்பங்கரையில் தவித்தாள்.

அடுத்து, அசல் பக்கத்திலிருந்து இறக்கிய ஃபைல். ஊசி கைரேகையைத் திரையில் போட்டாள்.

“ஏழு.” டக். “பெரியம்மா.” டக். “நாலு. நாலு. டாக்டர். எதிர்வீடு.” டக், டக், டக், டக். முப்பதைத் தாண்டியபோது சாவிக்காரர் அரத்தை நிறுத்திவிட்டார். ஐம்பதில் ஜெராக்ஸ் பெரியவர் விரலை மடக்கிக் கூடவே எண்ண ஆரம்பித்தார். கடைசி எழுத்து ஃபேன். டக்.

“அறுபத்து நாலு,” என்றார் பெரியவர். “சித்தி எத்தனை தடவை வந்தா தெரியுமா? அஞ்சு. அவளுக்கு உரிய இடத்துல.”

புதுப் போனை அவள் கையில் எடுத்துக்கொண்டாள். அதிலும் அட்டையைப் பார்த்தே விலாசத்தைத் தட்டி இறக்கினாள். போனுக்குள் வந்ததையும் ஊசி கம்பி மாட்டிக் கம்ப்யூட்டரில் காட்டினாள். அவள் சலிக்காமல் மறுபடியும் படித்தாள், அவர் சலிக்காமல் தட்டினார். பிறகு ஃபைலைத் தொட்டாள். தெரியாத இடத்திலிருந்து வருகிறது, விடட்டுமா என்று போன் கேட்டது.

“அதை ஒரே ஒரு தடவை திறந்து விடுங்க,” என்றாள் ஊசி. “ம்... வந்துடுச்சா? விருந்தாளி உள்ள வந்தாச்சு. இப்ப தாழ்ப்பாள் போடுங்க. இதைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க. திறந்தது திறந்தபடி இருந்தா பின்னாலயே மாடும் வரும்.”

அனுமதியை அவள் பழையபடி மூடினாள்.

“புதுசு வந்தா அதே விலாசத்துல இருந்துதான் எடுக்கணும். பழசுக்கு மேலயே உக்காந்துக்கும். உக்கார மாட்டேங்குது, பழசை அழிச்சிட்டு வான்னு சொல்லுச்சுன்னா, அங்கேயே நில்லுங்க. அழிச்சா பதிஞ்சு வச்ச குரலும் சேந்து போயிடும். உள்ள இருக்கிற கையெழுத்து செஞ்சவங்களோடது இல்லாம வேற யாரோடதோவா இருக்கலாம். எனக்கு ஒரு போன் போடுங்க.”

மெமரி கார்டைப் போட்டார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு பட்டன்களும் வரிசையாக வந்து நின்றன. கணவர் போனை வாங்கி வேகமாகக் கீழே தள்ளிக்கொண்டே போய் ஒன்றைத் தொட்டார்.

“ஏய் ரத்தக்காட்டேரி, டீ போட்டியா?”

கடை முழுக்க அவர் குரல். ரத்த வங்கியில் அவளுக்கு வேலை கிடைத்த நாளிலிருந்து அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். போன மூன்று நாளில் எத்தனையோ தடவை நோட்டில் அதை எழுதிக் காட்டினார். எழுத்தில் அது வெறும் வசவு. குரலில் வரும்போதுதான் கடைசி எழுத்தை அவர் கொஞ்சம் இழுப்பது தெரியும். அந்த இழுப்புக்குள்தான் தன் கல்யாண வாழ்க்கை முழுவதும் இருந்தது என்று அவளுக்கு அந்த ஒன்றரைக் கதவு அகலக் கடையில், முட்டை அட்டைக்கு முன்னால் நின்றபோது பட்டது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைக்காமல் மூக்கைத் துடைத்தாள்.

“இதுக்காடா இவ்வளவு பாடு!” என்றார் ஜெராக்ஸ் பெரியவர்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தில் இருந்த முகவரிக்கு அவள் நாலு வரி எழுதினாள். ‘உங்களை எனக்குத் தெரியாது. உங்கள் அப்பா நன்றாக இருக்கிறாரா? என் கணவர் இன்று என்னைத் திட்டினார். நன்றி.’ அனுப்பிய பிறகுதான் அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று வெட்கமாக இருந்தது. மறுநாள் பதில் வந்தது. ‘அப்பாவும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறார். சந்தோஷம்.’

பெரியத்தானுக்கு அன்றைக்கே போன் செய்து, நீங்கள் அனுப்பியதில் யாரோ கை வைத்திருக்கிறார்கள், குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொன்னாள். அவர் “அப்படியா!” என்று உடனே எடுத்துவிட்டார். குரலில் கொஞ்சம் சுருதி இறங்கியிருந்ததோ, இல்லை அவளுக்குத்தான் அப்படிப் பட்டதோ. நல்லவேளையாகக் குழுவில் வேறு யாரும் அதைப் போட்டிருக்கவில்லை. கைகூப்பியதோடு சரி.

திங்கட்கிழமை வகுப்பு நடந்தது. பதினாலு பேர். முதல் பட்டனாக அவர் எதைத் தொட்டார் என்று முதலாளி போனில் சொல்லிச் சிரித்தார்: “தூங்கினவன் எல்லாம் கீழ இறங்கு!”

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பெரியத்தான் வந்தார். தம்பி நாலு பட்டனைத் தட்டித் திட்டிக் காட்டியதும் கண் கலங்கி, “இந்தக் கழுதைக் குரலைக் கேட்டு எத்தனை நாளாச்சு!” என்று அவர் தோளில் அறைந்தார். டீ வந்தது. பாதி குடித்தவர், தம்ளரைக் கீழே வைத்தார்.

“ஏம்மா, எனக்கு ஃபைல் அனுப்பினாருன்னு சொன்னேனே, அந்த நண்பர். அவரு தங்கச்சிக்கும் இதே ஆபரேஷன். அவங்களுக்குத் தேடிட்டுதான் அந்தக் கண்றாவியைப் புடிச்சிருக்காரு. அதைப் போட வேணாம்னு சொல்லிட்டேன். உன்கிட்ட இருக்கிற நல்ல ஃபைலை எனக்குத் தட்டிவிடேன். நான் அவருக்கு அனுப்பிடறேன்.”

அவள் கை போனை நோக்கிப் போனது. எவ்வளவு சின்ன வேலை! அறுபத்து நாலு எழுத்தும் சரி பார்த்த ஃபைல். கேட்கிறவர் யார்? அந்த வெள்ளிக்கிழமை சொல்ல முடியாமல் போன நன்றியை இப்படியாவது சொல்லிவிடலாமே.

வார்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரும் ரத்தப் பைகள் நினைவுக்கு வந்தன. பை கிழிந்திருக்காது. சீட்டு சரியாக இருக்கும். கொண்டு வருகிறவர் நல்லவராகவே இருப்பார். ஆனாலும் நேரம் கடந்து வந்ததை வாங்கி மறுபடி அலமாரியில் வைக்க மாட்டார்கள். யாரும் தப்பு செய்திருக்க வேண்டியதில்லை. இடையில் அது எங்கே இருந்தது என்று தெரியாது, அவ்வளவுதான். இவளிடமிருந்து அவருக்கு, அவரிடமிருந்து நண்பருக்கு, நண்பரிடமிருந்து தங்கைக்கு. எந்தக் கையில் சித்தி வந்து உட்காருவாள்? குரல் போன ஒரு பெண், கூப்பிட்டுச் சொல்லக்கூட முடியாதவள், யாரோ நம்பிக்கையானவர் கொடுத்தது என்று அதைப் போட்டுக்கொள்வாள்.

“என்னம்மா யோசனை? நம்ம வீட்டுக் கைதானே?”

கணவர் அவளைப் பார்த்தார். போனில் விரலை வைத்திருந்தார், ஆனால் எதையும் தொடவில்லை. இது அவள் ஓட்ட வேண்டிய வண்டி.

அவள் எழுந்து போய் அடையாள அட்டைப் பைக்குள்ளிருந்து அந்தப் பழைய அட்டையை எடுத்தாள். நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, அட்டையைப் பார்த்து விலாசத்தை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். அதன் கீழே தன் போன் நம்பரையும் எழுதி, ‘போடும்போது கூப்பிடுங்கள், நான் வந்து படிக்கிறேன்’ என்று சேர்த்தாள். இரண்டாக மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

“இது மட்டும் போதும் பெரியத்தான்,” என்றாள். “ஃபைலை நான் அனுப்ப மாட்டேன்.”